போனோவில் மட்டும் ‘ம்ம்ம்’ சத்தம், எங்கே தேடுவது?

முத்துநகர்:
அப்பா 1982-இல் வாங்கிய ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டு பிளேயரையும் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். வால்யூம் திருகினால் வந்த கரகரப்பு கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் போய்விட்டது. ரேடியோ சுத்தமாகக் கேட்கிறது. போனோவுக்கு, அதாவது ரெக்கார்டு பிளேயர் மாட்டும் இணைப்புக்கு, மாற்றினால் மட்டும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத உறுமல். ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மை விரலால் தொட்டால் பாதியாகக் குறைகிறது. ஆக்ஸ் என்ற பொது ஆடியோ இணைப்பில் கணினியும் மாட்டியிருக்கிறேன், அது வேறு சுவர் பிளக்கில். எலக்ட்ரீசியன் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார். வெட்டலாமா?

ஈயப்பற்று:
வெட்டவே வெட்டாதீர்கள் தம்பி. நாற்பது வருடப் பழைய டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே இன்சுலேஷன் போனால் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அந்த பின்தான் காப்பாற்றும்.

தொட்டால் குறைகிறது என்றால் உங்கள் உடம்பு எர்த் ஒயர் வேலையைச் செய்கிறது. பிளேயரிலிருந்து ஆர்சிஏ ஆடியோ ஒயர்களோடு மெல்லிய தனி ஒயர் ஒன்று வரும். ஆம்பின் பின்னால் ‘ஜிஎன்டி’ (எர்த்) என்று போட்ட திருகில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

போனோவில் மட்டும் ஏன் என்றால், ஊசியோடு இருக்கும் காட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டுவார்கள், போனோ பகுதி அதைத் திரும்பத் தூக்கிக் கொடுக்கும். 1 கிலோஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸை ஏழு மடங்கு கூடுதலாகத் தூக்கும். நம் வீட்டுக் கரண்டும் அதே 50 ஹெர்ட்ஸ்!

மதுரை ரேடியோ:
கணினியின் ஆக்ஸ் ஒயரைக் கழற்றிவிட்டும் கேளுங்கள். இரண்டு பிளக்கிலும் எர்த், நடுவே ஆடியோ ஒயர் என்றால் எர்த் ஒரு வளையம் ஆகிவிடும், அதிலும் உறுமல் வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ‘ர்ர்ர்’ என்று 100 ஹெர்ட்ஸில் கேட்டால் மட்டும் பவர் சப்ளை கபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், உடனே கை வைக்க வேண்டாம்.

முத்துநகர்:
அண்ணே, கண்டுபிடித்துவிட்டேன்! அந்த ஒயர் திருகில்தான் இருந்தது, அதனால்தான் முதலில் சந்தேகமே வரவில்லை. கழற்றிப் பார்த்தால் இரண்டு கால் செம்புத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. கடலோரக் காற்றில் அத்தனை வருடம். உப்புத்தாளால் செம்பு நிறம் தெரியும்வரை தேய்த்தேன், திருகின் அடியையும் தேய்த்து இறுக்கினேன். உறுமல் அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் ஆக்ஸ் ஒயரைக் கழற்றினேன், மிச்சமிருந்த மெல்லிய முனகலும் போனது. ஒரே பெட்டியில் செருகியும் அது முழுதாக அடங்கவில்லை. இப்போதைக்கு ரெக்கார்டு போடும்போது கணினியைக் கழற்றி வைக்கிறேன். அப்பா நேற்று இரண்டு பக்கமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து கேட்டார்.

மதுரை ரேடியோ:
ஆக்ஸ் வழியில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடுங்கள், பாட்டை விட்டுவிட்டு எர்த் வளையத்தை மட்டும் அறுக்கும். கழற்றி மாட்டும் வேலை இருக்காது.