புதுப்பிப்பு: மலை இறக்கத்தில் முழங்கால் வலி (மாட்ரிட், ஞாயிறு நடைக்குழு)

செப்டம்பரில் கேட்டிருந்தேன்: குவாதர்ராமா மலைக்கு வாராவாரம் குழுவோடு போகிறேன், ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் முழங்கால் உறை வாங்கினேன். பலனில்லை. பலித்தது ஊன்றுகோல் யோசனைதான். அதிலும் இறக்கத்தில் கோலை ஐந்தாறு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு குட்டி அடியாக வையுங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான். இதுவரை ஐந்து ஞாயிறு ஆயிற்று. செர்செதியாவில் ரயிலிறங்கி, சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள ஃபுவென்ஃப்ரியா கணவாய்வரை ஏறி இறங்கியும் மறுநாள் படிக்கட்டில் முனகவில்லை.

எதிர்பாராதது இரண்டு. ரோமானியர் சாலை என்று சொல்லும் பழைய கல்பாதையில், மழைக்குப்பின் பைன் ஊசிகள் சோப்பு மாதிரி வழுக்குகின்றன. கோல் நுனியின் ரப்பர் மூடியைக் கழற்றினால், மண்ணில் நன்றாக ஊன்றுகிறது. கல்லில் நடக்கும்போது மூடியை மாட்டிக்கொள்வதே மேல்.

அப்புறம், அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். மறந்தே போனேன். ஆறு மணி தாண்டியதும் பள்ளத்தாக்கில் இருட்டு, என்னிடம் விளக்கில்லை. இப்போது தலைவிளக்கு பையிலேயே கிடக்கிறது.