மிஞ்சிய ஹாம் எலும்பில் பீன்ஸ் சூப்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ரெட்டியார்பாளையத்துக்காரி:

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ஹாம், அதாவது உப்பில் பதப்படுத்தின பன்றித்தொடையின் எலும்பு படுத்திருந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து எல்லாரும் அரிந்து தின்றது போக, எலும்போடு ஒட்டிக்கொண்டு முக்கால் கிலோ கறியாவது மிச்சம் இருக்கும். பாரீசிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன்தான் ஆர்டர் கொடுத்தது. "முழுத் தொடையா சொல்லிடு அக்கா, பத்துப் பேர் இருக்கோம்" என்றான். பத்துப் பேரில் நாலு பேர் ஹாமைத் தொடவே இல்லை. ஆயாவுக்கு அது "வேகாத கறி மாதிரி செவப்பா" இருக்கிறதாம். உப்போடு நைட்ரைட்டும் சேர்த்து ஊறவைப்பதால் வருகிற நிறம் அது, வெந்தாலும் போகாது என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இரண்டு வேளை ரொட்டியில் வைத்துத் தின்றோம். மூன்றாம் வேளை யாரும் கேட்கவில்லை. சமைத்த ஹாம் ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள்தான் தாங்கும், அதற்கு மேல் வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போதுதான் பரணில் கிடந்த ஸ்லோ குக்கர் ஞாபகம் வந்தது. முந்தின தடவை வந்தபோது அண்ணி பிரான்சிலிருந்து தூக்கிவந்து என் தலையில் கட்டிவிட்டுப் போனது. கரண்டில் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற மூன்று லிட்டர் பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சும்மா ஒரு திருகு. பிரஷர் குக்கரில் நாலு விசிலில் வேலை முடிகிற வீட்டில் எட்டு மணி நேரச் சட்டிக்கு என்ன வேலை என்று அன்றைக்கு உள்ளே வைத்ததுதான்.

அண்ணியிடம் வாட்ஸப்பில் கேட்டேன். அமெரிக்காவில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஹாம் எலும்பு மிஞ்சினால் வெள்ளை பீன்ஸோடு இப்படித்தான் போடுவார்கள் என்றார். அவர்கள் செனட் சபை உணவகத்தில் தினமும் இருக்கிற சூப்பே பீன்ஸும் பன்றிக்கால் எலும்பும் போட்டதுதானாம். பிரான்சின் தென்மேற்கில் இதே எலும்பு, இதே பீன்ஸ், கூட முட்டைக்கோஸ். அதற்கு கார்பூர் என்று பேர். சரி, ஊருக்கு ஒரு பேர்.

சின்ன வெள்ளை பீன்ஸ் பெரிய மார்க்கெட்டில் கிடைத்தது. 400 கிராம், ராத்திரி முழுக்க ஊறல். காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கேஸ் அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதி வந்த பிறகு அரைமணி நேரம் விட்டேன். இந்த ஒரு வேலையை மட்டும் தவறவிடாதே என்று அண்ணி மூன்று தடவை சொன்னார். அந்தத் தண்ணீரையும் கொட்டினேன். அப்புறம் ஸ்லோ குக்கரில் எலும்பு, அதைச் சுற்றி பீன்ஸ், பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, பூண்டு ஏழெட்டுப் பல் (உரித்தால் போதும், நசுக்க வேண்டாம்), பிரிஞ்சி இலை ஒன்று, கிராம்பு இரண்டு, மிளகு ஒரு ஸ்பூன், எலும்பு முக்கால்வாசி முழுகும்படி வெந்நீர். உப்பு ஒரு கல் கூடப் போடவில்லை. தக்காளியும் போடவில்லை. காலை ஒன்பது மணிக்கு "லோ"வில் திருகிவிட்டு சம்பா கோவில் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டேன்.

வீட்டை விட்டுப் போகும்போது அடுப்பு எரிவது எனக்கு இன்னும் பழகவில்லை. மதியம் அரக்கப்பரக்க வந்து பார்த்தால், சட்டி பேசாமல் தன்பாட்டுக்கு இருக்கிறது. ஒரு குமிழி, சற்று நேரம் கழித்து இன்னொரு குமிழி. திறந்து கிளறலாமா என்று கை பரபரத்தது. திறந்தால் போன சூடு திரும்பி வர அரைமணி ஆகும் என்று எழுதியிருந்ததால் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டேன்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு எலும்பைத் தூக்கினால் கறி தானாகக் கழன்று விழுந்தது. கறியைப் பிய்த்துப் போட்டு, எலும்பையும் இலையையும் எடுத்துவிட்டு, இரண்டு கரண்டி பீன்ஸை மசித்துத் திரும்ப விட்டேன். சூப் கெட்டியானது. அப்போதுதான் உப்புப் பார்த்தேன். போடத் தேவையே இல்லை.

ஆனால் ஏதோ குறைந்தது. வாசனை இருக்கிறது, எடுப்பாக இல்லை. சித்திரை வெயிலில் ஆயா உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம் (வெங்காயம், பூண்டு, கடுகு சேர்த்தது) டப்பாவில் இருந்தது. ஒரு உருண்டையில் பாதியை உதிர்த்து, எண்ணெயில் பொரித்து மேலே கொட்டினேன். இதையே "வாதுவான்" என்று பிரெஞ்சுக்காரர்கள் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். போன வருஷம் அண்ணி ஒரு புட்டி வாங்கிவந்து ஆயாவிடம் காட்ட, ஆயா மோந்து பார்த்துவிட்டு "நம்ம வடகத்தைப் பொடியாக்கி நமக்கே குடுக்கிறா பாரு" என்றது.

அன்றைக்கு ஹாமைத் தொடாத ஆயா இரண்டு கிண்ணம் குடித்தது. குடித்துவிட்டுச் சொன்னது: "இது என்னடி புதுசு? கருவாடு போட்ட மொச்சைக் கொழம்பு மாதிரிதானே இருக்கு." யோசித்துப் பார்த்தால் அதேதான். சப்பென்று இருக்கிற பருப்பு, உப்பில் பதப்படுத்தின ஒரு துண்டு, நிறைய நேரம். புளி மட்டும் இல்லை.

உங்கள் வீடுகளில் இப்படி மிஞ்சின எலும்பு என்ன பாடு பட்டது? சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் மாமா:

அண்ணி மூன்று தடவை சொன்னதன் காரணத்தை நான் சொல்கிறேன் தங்கச்சி, ஏனென்றால் நாங்கள் அனுபவித்தோம்.

மருமகள் ஆன்லைனில் ஸ்லோ குக்கர் வாங்கிய முதல் வாரம். வெள்ளை பீன்ஸ் இல்லை, ராஜ்மா இருந்தது. நாலு மணி நேரம் ஊறவைத்து, அப்படியே மிஞ்சின ஹாம் துண்டுகளோடு சட்டியில் போட்டு "லோ"வில் வைத்தாள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். ராஜ்மா நடுவில் லேசாகக் கடித்தது, பசியில் யார் பார்த்தார்கள்? பத்து மணிக்கு முதலில் பேரன். அப்புறம் நான். அப்புறம் வரிசையாக. வீட்டில் கழிப்பறை ஒன்றுதான், அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

ஹாம் கெட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் ஹாமைத் திட்டினோம். மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ராஜ்மாவைக் கொதிக்க வைத்தீர்களா?" பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்று ஒரு நச்சு. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரிப் பக்கம் வெறும் சூட்டில் கிடந்தால் அழியாது, பச்சையாகத் தின்பதைவிட மோசமாகவும் ஆகலாமாம். நாலைந்து கொட்டை போதும் வயிற்றைப் புரட்ட. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். எங்களுக்குக் கணக்காக இரண்டு மணி நேரம். வெள்ளை பீன்ஸில் இந்த நச்சு குறைவு, அதற்காகக் கொதிக்க வைக்காமல் விடக்கூடாது. பிரஷர் குக்கரில் வேகவைக்கிறவர்களுக்கு இந்தப் பயமே இல்லை. நம் அம்மாக்கள் யாருக்கும் இது தெரியாமல் போனது அதனால்தான்.

முதுநகர்:

எனக்கு நேர் எதிர்க் கதை. கொதிக்க வைத்தேன், எட்டு மணி நேரம் என்ன, பன்னிரண்டு மணி நேரம் வைத்தேன். பீன்ஸ் கோலிக்குண்டு மாதிரியே இருந்தது. தண்ணீர்தான் காரணம் என்று பிறகு புரிந்தது. கடற்கரைப் பக்கம் எங்கள் போர் தண்ணீர் கடுந்தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்புச் சத்து பீன்ஸ் தோலை இறுக்கிவிடும். போதாததற்கு சுவைக்கு என்று இரண்டு தக்காளியும் கொஞ்சம் புளியும் முதலிலேயே போட்டிருந்தேன். புளிப்பு பட்டால் எந்தப் பயறும் வேக மறுக்கும். காராமணிக் குழம்பில் வெந்த பிறகுதானே புளி விடுகிறோம்! தெரிந்த விஷயத்தைப் புதுச் சட்டியைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

இப்போது கேன் தண்ணீர்தான். ஊறும்போது ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. அதிகம் போட்டால் சோப்பு வாடை வரும். கடையில் பீன்ஸ் வாங்கும்போது தோல் சுருங்கியிருந்தால் பழசு, அதை எந்தச் சோடாவாலும் காப்பாற்ற முடியாது.

குருசுக்குப்பம் தாத்தா:

எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். நான் பிறந்ததும் அங்கேதான். அம்மா சைகோனிலிருந்து கொண்டுவந்த பழக்கம், எந்த எலும்புச் சாறிலும் கடைசியில் நுவோக் மாம் நாலு சொட்டு. அது நெத்திலியும் உப்பும் போட்டுப் புளிக்கவைத்த மீன்சாறு. அந்த அம்மணி சொன்ன கருவாட்டுக் கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் ஹாம் சூப்பில் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், கடல்நீர் ஆகிவிட்டது.

இன்னொன்று. ஸ்லோ குக்கரை அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை வாங்கியது 1940இல். இர்விங் நாக்சன் என்று பேர், யூதர். அவர் அம்மா லித்துவேனியாவில் சிறுமியாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் பயறும் கறியும் போட்ட சட்டியை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டு வருவார்களாம். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது. அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வெந்து, மறுநாள் சாப்பாடு. அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவருக்கு யோசனை வந்தது. க்ராக் பாட் என்று பேர் வைத்து வேறு கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது 1971இல். படித்தபோது எனக்கு எங்கள் தெரு ரொட்டிக்கடை ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ரொட்டி சுட்டு முடிந்த விறகடுப்பில் அம்மா கேக் தட்டு அனுப்புவார், கூடவே ஒரு மூடின சட்டி. தூக்கிப்போகிற வேலை என்னுடையது. பன்றிக்கறியில் பிறந்த யோசனை இல்லை இது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

லாஸ்பேட்டை:

அதேபோல நாங்களும் பன்றிக்கறி தொடமாட்டோம். ஆனால் ஆயா சொன்ன கருவாட்டுக் கணக்கைப் படித்ததும் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த உப்புக்கண்டம் கண்ணில் பட்டது. ஒரு கைப்பிடியை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து இரண்டு தடவை அலசினேன். அலசாவிட்டால் வாயில் வைக்க முடியாது. காய்ந்த மொச்சையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, இரண்டையும் சேர்த்து ஆறு மணி நேரம் "லோ". உப்புக்கண்டம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் இதற்கு சூப் என்று பேர் வைக்காதே, சோற்றில் ஊற்று என்றார். ஊற்றினோம்.

நெல்லித்தோப்பு:

அமெரிக்காவிலிருந்து யாராவது ஸ்லோ குக்கர் கொண்டுவந்தால் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 வோல்ட் என்றால் நம் 230இல் சொருகாதீர்கள். நான் சொருகினேன். புகை வந்தது, சூப் வரவில்லை.

அப்புறம் கரண்ட். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறின பிறகு எங்கள் தெருவில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ராத்திரி சட்டியை வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் வெதுவெதுப்பு. எப்போது நின்றது என்று தெரியாது. மணம் நன்றாகத்தான் இருந்தது. மாமியார் "சூடு பண்ணினா சரியாப் போயிடும்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறியில் கிருமி விடுகிற சில நச்சு, திரும்பக் கொதித்தாலும் போகாது. கொட்டிவிட்டேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பகலில்தான் வைக்கிறேன், ஆள் இருக்கும்போது.

மஞ்சக்குப்பம் மாமா:

கொட்டினது சரி. மாமியார் பேசாத இரண்டு நாள் என் ஒரு ராத்திரியைவிட எவ்வளவோ மேல்.

ரெட்டியார்பாளையத்துக்காரி:

முதுநகர் சொன்னதைப் படித்த பிறகுதான் தெரிகிறது, நான் தக்காளி போடாதது கெட்டிக்காரத்தனம் இல்லை, வீட்டில் தக்காளி இல்லை அவ்வளவுதான். தாத்தா, நான் "அம்மணி" இல்லை, உங்கள் பேத்தி வயசு.

ஒருவர் தனியாகக் கேட்டார், ஃப்ரீசரில் இருக்கிற எலும்பை அப்படியே சட்டியில் போடலாமா என்று. வேண்டாம். ஐஸ் கட்டியாகப் போட்டால் சட்டி சூடேறவே பாதி நாள் போய்விடும், கறி அவ்வளவு நேரம் வெதுவெதுப்பில் கிடக்கும். முதல்நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் கீழே வைத்துவிடுங்கள்.

எனக்கே அந்த வேலை இருக்கிறது. தொடையின் முட்டிப் பக்கத்து எலும்பைத் தனியாக வெட்டி அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டுவைத்தேன். மார்க்கெட்டில் பச்சை மொச்சை வரத் தொடங்கிவிட்டது. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு போடலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை கடைசியில் கொஞ்சம் புளி விடச் சொல்லி ஆயா உத்தரவு.