யாங்சி ஆற்றங்கரையில் உங்களுக்கு நேர்ந்த அனுபவங்கள்

வூஹானில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வீடு வூச்சாங் பக்கம், ஆபீஸ் ஹான்கோவ் பக்கம், நடுவில் யாங்சி. ஆற்றுக்கு அடியிலேயே 2012 முதல் மெட்ரோ ஓடுகிறது. ஆனாலும் சாயங்காலம் படகில்தான் திரும்புவேன். டிக்கெட் ஒன்றரை யுவான். ஸ்கூட்டரோடு ஏறுகிறவர்கள், காய்கறிப் பையோடு பாட்டிகள், கலங்கிய செம்மண் நிறத் தண்ணீர். தூரத்தில் 1957-ல் திறந்த பழைய பாலம்: மேல்தட்டில் கார்கள், கீழ்த்தட்டில் ரயில்.

2016 ஜூலையில் நல்ல மழை. ஹான்கோவ் கரைப் பூங்காவுக்குப் போனால், முந்தின வாரம் உட்கார்ந்திருந்த படிக்கட்டையே காணோம். மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. எனக்குப் பதறிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், என் அரைகுறைச் சீன மொழியைப் பொறுத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். பூங்காவை அமைத்ததே அப்படித்தானாம். வெள்ளம் வந்தால் அது முழுகட்டும், ஊரைக் காக்கிற சுவர் பின்னால் இருக்கிறது. 1954 வெள்ளத்தின்போது அவருக்கு எட்டு வயது. கரையை உயர்த்த அப்பா மண் சுமக்கப் போய், பல நாள் வீடு திரும்பவில்லையாம். அந்த வருஷம் தண்ணீர் தொட்ட உயரம் 29.73 மீட்டர். பிள்ளையின் பிறந்த தேதியைச் சொல்வதுபோல் அதைச் சொன்னார். 1998-ல் 29.43 என்பதும் அவருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு நானும் தினமும் நீர்மட்டம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

---

அண்ணா, நான் உங்களுக்கு மேற்கே, அதே ஆற்றங்கரையில் யிச்சாங்கில் மருத்துவம் படித்தேன். கொரோனாவால் ஊரில் மாட்டிக்கொண்டு, 2022 கடைசியில்தான் திரும்ப முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை, கரையில் நாலைந்து பேர் பெரிய கேமராவோடு மூச்சுவிடாமல் நின்றிருந்தார்கள். நானும் நின்றேன். சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு வழுக்கிக்கொண்டு மேலே வந்து உள்ளே போனது. பின்னாலேயே சின்னதாக இன்னொன்று. டால்பினுக்கு உறவு, ஆனால் முதுகில் துடுப்பு கிடையாது. 'ஆற்றுப்பன்றி' என்பார்கள்.

இதே ஆற்றில் வாழ்ந்த பைஜி என்ற வெள்ளை டால்பினை 2006-ல் ஆறு வாரம் தேடினார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால்தான் 2021-லிருந்து பத்து வருஷ மீன்பிடித் தடை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2017-ல் 1,012 என்று எண்ணிய ஆற்றுப்பன்றிகள் 2022 கணக்கெடுப்பில் 1,249.

பக்கத்திலிருந்த ஒரு அம்மா தன் கேமராத் திரையை என்னிடம் நீட்டினார். குட்டியின் வாய் சிரிப்பதுபோலவே வளைந்திருந்தது. அன்றைய முதல் வகுப்புக்கு நான் போகவில்லை.