ஜெபிக்க எழுந்ததும் குரல் அடைத்துப்போகும் வாலிபர்களுக்கு வழி சொல்லுங்கள்

ஸ்தோத்திரம். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிக்கு வாலிபர்களைப் புது ஆசிரியர்களாகப் பழக்குகிறோம். விசுவாசம் உண்டு, "எனக்குத் தகுதியில்லை" என்ற பயம்தான் தடை. வேதாகமத்தில் யாத்திராகமம் 4-ம் அதிகாரத்தில் மோசேக்கும் அதே தயக்கம். கர்த்தர் அவருக்குப் பதில் பேச அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார், அதனால் நாங்களும் இருவராகவே அனுப்புகிறோம்.

முதலில் வேதவாசிப்பு, அடுத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் 2 நிமிட ஜெபம், பிறகு 5 நிமிடப் பாடம். எழுதி மனப்பாடம் செய்கிறவர்கள் ஒரு வரி மறந்தாலே நின்றுவிடுகிறார்கள். ஆகவே கையில் ஒரு வசனமும் 3 குறிப்புகளும் மட்டும்.

சிலர் ஜெபிக்க எழுந்து, குரல் வராமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை மறுபடி எப்படி எழுப்புவது? கட்டாயப்படுத்தினால் கூட்டத்துக்கே வருவதில்லை. நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் இப்படிப் பழக்கியவர்கள் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை நேரில் வர முடிந்தால் பேருதவி.