உச்சி வெயில் பேயோடு மோதினவங்க வாங்க: விட்சர் 3 வீடியோ கேம், கிணத்தடி நூன்ரைத் (மதியப் பேய்)

கிணத்தடி:
ஆரம்ப இடமான ஒயிட் ஆர்ச்சர்ட்ல ஓடோலன்கிற ஊர்க்காரர் குடுக்கிற பேய் விரட்டுற வேலை. லெவல் 4னு போட்டிருக்கும், நம்பாதீங்க. ஊரைச் சுத்தித் தடயம் பார்க்கிறது, கிணத்துக்குள்ள குதிச்சு வளையல் எடுக்கிறது எல்லாம் தெரிஞ்ச கதை, விடுங்க. எலும்பையும் வளையலையும் சேர்த்து எரிச்சதும் செத்துப்போன பொண்ணு கிளேர் பேயா வந்து நிக்கிறா. கிழிஞ்ச கல்யாண உடுப்பு, வறண்டு போன தோல். பாதி ஹெல்த் வரைக்கும் ஒழுங்கா அடி வாங்குறா. அப்புறம் பட்டுனு மறைஞ்சு, மூணு உருவமா நம்மளைச் சுத்தி நிக்கிறா. மூணும் நம்ம உசுரை உறிஞ்சுது, அவளோட ஹெல்த் பார் ஏறுது. டெத் மார்ச்ல, அதான் இருக்கிறதுலயே கஷ்டமான மோடுல, அந்தப் பார் ஏறுறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதுதான் இந்த கேம்லயே கொடுமையான அஞ்சாறு செகண்டு. மத்தவங்களுக்கு எப்படிப் போச்சு?

யர்டென் பக்தன்:
எல்லாரும் அங்கதான் மாட்டுறாங்க, காரணமும் ஒண்ணுதான். மூணா பிரிஞ்ச நேரத்துல நிஜமானவளைத் தேடி ஓடுறாங்க. அப்ப அவளைத் தொடவே முடியாது. உருவங்களை அடிக்கணும், அதுங்க லேசான அடிக்கே போயிடும்.

சைன், அதாவது மந்திரம், ஒண்ணு போட்டா ஸ்டாமினா மொத்தமும் காலி, அது திரும்ப நிரம்பணும். அதனால அவ ஹெல்த் பாதியை நெருங்கும்போது அடிக்கிறதை நிறுத்துங்க. விலகி விலகி ஸ்டாமினாவை நிரப்பி வச்சுக்கிட்டு, அப்புறம் அந்தக் கடைசி ரெண்டு அடியைக் குடுங்க. பிரிஞ்ச உடனே காலடியில யர்டென், தரையில வட்டம் போடுற சைன். வட்டத்துக்குள்ள வர்ற உருவம் மெதுவாகும், வரிசையா முடிச்சிடலாம்.

மத்த நேரத்துலயும் வட்டம்தான் எல்லாமே. வெளியில அவ வெறும் காத்து, வாள் பட்டும் படாம போகும். உள்ள வந்தாத்தான் உடம்பு. வட்டத்தைப் போட்டுட்டு நடுவுல நிக்காதீங்க. அவ வர்ற திசைக்கு எதிர் ஓரத்துல நில்லுங்க, நம்மளைத் தேடி அவளே வட்டத்தைக் கடந்து வரணும். வேகமான வீச்சு ரெண்டு மூணு, உடனே விலகல். கனமான வீச்சுக்குக் கையை ஓங்குறதுக்குள்ள மண்ணை வாரிக் கண்ணுல போட்டுடுவா. திரை மங்கிடும், அடுத்த அடி எங்கேருந்து வருதுன்னே தெரியாது.

பேய்க்குன்னே இருக்கிற ஸ்பெக்டர் ஆயில் இல்லாம போறவங்களைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. அரினேரியா மூலிகை 4, கரடிக் கொழுப்பு 1. ஒரு தடவை செஞ்சா போதும், அப்புறம் தடவிக்கிட்டே இருக்கலாம். சாதா ஆயிலுக்குப் 10 சதவீதம் கூடுதல் அடி, 20 அடி வரைக்கும் நிக்கும். வெள்ளி வாள்ல தடவணும். இரும்பு வாள்ல தடவிட்டு ஆயில் வேலை செய்யலைன்னு புலம்புறவங்களும் இருக்காங்க.

பாம்காரன்:
யர்டென் யர்டென்னு ஒரே பஜனை. மூன் டஸ்ட் பாம் எதுக்கு இருக்கு? வெடிச்ச புகைக்குள்ள இருக்கிற வரைக்கும் பேய் காத்தா மாற முடியாது, வட்டமும் வேண்டாம், ஸ்டாமினாவும் மிச்சம். மிச்சமான ஸ்டாமினாவுல க்வென், அதான் கவசச் சைன், போட்டுக்கலாம். ஃபார்முலா கையில இருக்கணும், அதான் ஒரே நிபந்தனை. தீர்ந்தா பையில சாராயம் ஒரு பாட்டில் வச்சுக்கிட்டு தியானத்துல உக்காருங்க, நிரம்பிடும்.

யர்டென் பக்தன்:
ஃபார்முலா கையில இருக்கிறவங்க லெவல் 4 கான்ட்ராக்டுல ஏன் திணறப் போறாங்க? கேள்வி கேட்டவர் ஆரம்பத்துல இருக்கார். அடுத்த பகுதி வெலென் போய் மிட்காப்ஸ் ஊர்ல ஜென்னிங்கிற பேயைப் பார்க்கும்போது சொல்லுங்க இதை. அது நைட்ரைத், ராத்திரிலதான் வரும். அங்கயும் இதே பிரியுற வித்தைதான்.

லௌசிட்ஸ் வாசி:
சண்டையைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. கேம் இவளை வாளால் வெல்ல வைக்கிறது. மூலக் கதைகளில் இவளை வாயால்தான் வெல்ல வேண்டும்.

ஜெர்மனியின் கிழக்கே லௌசிட்ஸ் பகுதியில் சோர்ப் மக்கள் இருக்கிறார்கள், ஸ்லாவிய இனம். அவர்கள் சொல்லும் மதியப் பெண் வெள்ளை உடுத்தி, கையில் அரிவாளோடு, பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள் வயலில் திரிவாள். எல்லாரும் வேலையை விட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. போகாமல் வயலில் நிற்பவரிடம் வந்து கேள்வி கேட்பாள். ஆளிச்செடியைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேச வேண்டும். மணி ஒன்று அடித்தால் அவள் பலம் போய்விடும். பேச்சு நின்றால் தலை போய்விடும்.

இவ்வளவு நல்ல பொறியைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்று நிழலையும் ஏறுகிற ஹெல்த் பாரையும் வைத்திருக்கிறார்கள். கல்யாண உடுப்பு மட்டும் சரி. திருமணத்தை ஒட்டி இறந்த பெண்தான் போவுத்னிட்சா, அதாவது மதியப் பேய், ஆவாள் என்று போலந்து நாட்டார் நம்பிக்கையில் உண்டு. அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

தறி:
ஒரு மணி நேரம் ஆளி பத்திப் பேசணுமா? யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்லிடுறேன். அந்த ஊர்க்காரிங்களுக்கு அது கஷ்டமே இல்ல, ஏன்னா வேலை அவ்வளவு நீளம்.

வசந்தத்துல நெருக்கமா விதைக்கணும். இடைவெளி விட்டா செடி கிளை விட்டுடும், நார் நீளம் வராது. நூறு நாள் சுமாருக்கு, தண்டோட அடிப்பக்கம் மஞ்சளானதும் பிடுங்கணும். அறுக்கக் கூடாது, வேரோட பிடுங்கணும். நார் வேர் வரைக்கும் ஓடுது, அறுத்தா அந்த நீளம் போச்சு. முழுசாப் பழுக்க விட்டா விதை நல்லா இருக்கும், நார் முரடாயிடும். கட்டு கட்டா நிறுத்திக் காய வச்சு, இரும்புப் பல் சீப்புல தலைப்பை இழுத்தா விதைக்காய் உதிரும்.

அடுத்தது ஊறல். மொத்தமும் கெட்டுப்போறது இங்கதான். புல்லு மேல மெல்லிசாப் பரப்பி பனியில விட்டா சில வாரம் ஆகும், நடுவுல புரட்டிப் போடணும். குளத்துல அமுக்கி வச்சா வெதுவெதுப்பான தண்ணியில ஒண்ணு ரெண்டு வாரத்துல ஆயிடும், ஆனா நாத்தம் தாங்காது, மீனும் செத்து மிதக்கும். நாரையும் நடுச் சக்கையையும் ஒட்டி வச்சிருக்கிற பசையைக் கிருமிங்க தின்னணும், அதுக்குத்தான் ஊறல். சீக்கிரம் எடுத்தா சக்கை விட்டு வராது. தாமதமானா பசையைத் தாண்டி நாரையே தின்ன ஆரம்பிச்சிடும், இழுத்தா அறுந்து வரும். ஒரு தண்டை உருவிக் காய வச்சு ஒடிச்சுப் பார்க்கணும். உள்ள சக்கை டக்குனு முறிஞ்சு, மேல நார் நாடாவா முழு நீளத்துக்கும் உரிஞ்சு வந்தா சரி.

திரும்பக் காய வச்சு, மரக்கத்தி இறங்குற நொறுக்குப் பலகையில போட்டுச் சக்கையை நொறுக்கணும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சக்கை முறியாது, வளையும். அப்புறம் நின்ன பலகை மேல தொங்க விட்டு, மரவாளால மேலேருந்து கீழ வீசி வீசிச் சக்கையைத் தட்டணும். அப்புறம் ஆணிச் சீப்பு, முதல்ல அகலப் பல், அடுத்து நெருக்கப் பல். நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகணும், நடுவுலேருந்து இழுத்தா சிக்கு விழுந்து பாதி போயிடும். கையில நிக்கிறது நீள நார், மெல்லிய துணிக்கு. சீப்புல சிக்குறது குட்டை நார், சாக்குக்கும் கயித்துக்கும். நூக்கும்போது விரலை நனைச்சுக்கணும், இல்லன்னா நூல் மேல மயிர் மயிரா நிக்கும். நூலைச் சாம்பல் தண்ணியில வேகவச்சு, நெய்ஞ்சு, துணியைப் புல்லுல விரிச்சுத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வெயில்ல வெளுக்கணும்.

இதை நிதானமாச் சொன்னாலே ஒரு மணி அடிச்சிடும்.

ராஸ்பெர்ரி:
லௌசிட்ஸ் வாசி, நீங்க சொல்றது சோர்ப் கதை. அதை வச்சு மொத்த ஸ்லாவிய நாட்டையும் அளக்க முடியாது. செக் பக்கத்து மதியப் பேய் போலெத்னிட்சே கேள்வியெல்லாம் கேக்க மாட்டா. செக் கவிஞர் கரெல் எர்பன் 1853ல வந்த தொகுப்புல எழுதின பாட்டுல, அடம்பிடிக்கிற பிள்ளையைப் பயமுறுத்த அம்மா கூப்பிடுறா, அவ நிஜமாவே வந்துடுறா. பிள்ளையை அணைச்சுக்கிட்டு அம்மா மயங்கி விழுறா, பன்னிரண்டு மணி அடிக்குது. அப்பா வந்து பார்க்கும்போது அம்மாவைத் தெளிய வைக்க முடியுது, குழந்தை மூச்சடைச்சுப் போயிருக்கு. 1896ல டிவோர்ஷாக் இதையே இசையாக்கினார். இதுல அரிவாளும் இல்ல, ஆளியும் இல்ல.

கேம்ல வாள் மட்டும்தான்னு சொல்றதும் தப்பு. 2007ல வந்த முதல் விட்சர்ல நாலாவது அத்தியாயம் போய்ப் பாருங்க. அக்கா தங்கச்சி ஆலினா, செலினா. செத்தவ ஒருத்தி மதியப் பேய், இன்னொருத்தி ராத்திரிப் பேய். ஆலினாவுக்குத் தான் செத்ததே தெரியாது. உடைஞ்ச கண்ணாடித் துண்டுங்களைத் தேடிச் சேர்க்கணும், கவிதை ஒண்ணைக் கொண்டுவந்து படிக்கணும், அப்பத்தான் போவா. போலந்துக் கவிஞர் ஸ்லோவாட்ஸ்கியோட 1839 நாடகத்துல ராஸ்பெர்ரி பறிக்கப் போன இடத்துல கொலையாகிற தங்கச்சி பேரும் ஆலினாதான். போலந்துக்காரங்க பார்த்ததும் சிரிச்சிருப்பாங்க.

லௌசிட்ஸ் வாசி:
முதல் பாகத்தை மறந்து பேசவில்லை. அங்கே செய்ததை மூன்றாவதில் ஏன் விட்டார்கள் என்பதுதான் குறை. 2015ல் அவர்களிடம் வசனத் தேர்வும் இருந்தது, நேரக் கெடு வைத்த வசனமும் இருந்தது. கிளேர் கேட்க, கெடு முடிவதற்குள் நாயகன் கெரால்ட் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கலாம். எரிக்கிற சடங்கும் வளையலும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதற்கு அப்புறம் நடப்பது எந்தப் பேய்க்கும் பொருந்துகிற சண்டை.

கிணத்தடி:
வாத்தியாருங்களா, சண்டைக்கு வாங்க. யர்டென் வேண்டாம், க்வென் மட்டும் போட்டுக்கிட்டு முடிக்க முடியுமா?

யர்டென் பக்தன்:
முடியாதுன்னு இல்ல, இழுக்கும். க்வென் ஒரு அடியைத் தாங்கிட்டு உடையும், திரும்பப் போட மொத்த ஸ்டாமினா. அவ அடிக்க வர்ற நொடியில மட்டும் உடம்போட இருப்பா, அந்த இடைவெளியில ஒரு வீச்சு கிடைக்கும். பிரிஞ்சதும் மூணு உருவமும் சேர்ந்து உறிஞ்சும், அதை க்வென் தீர்க்காது. அந்த ஒரு கட்டத்துக்காவது யர்டெனுக்கு மாறுங்க. சண்டைக்கு முன்னாடி ஹெல்த் ஏத்துற ஸ்வாலோ மருந்து ஒண்ணு குடிச்சிடுங்க.