பழவேற்காடு ஏரிக்குக் கையடக்க ஜிபிஎஸ்: எது வாங்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. பழவேற்காடு ஏரியில் அப்பாவுடன் நண்டு வலை போடுகிறேன். மார்கழிப் பனியில் கரையே தெரிவதில்லை. போன வாரம் நீர் வத்தும் நேரம் வழி தவறி, படகு சேற்றுத் திட்டில் ஏறிவிட்டது. இரண்டு மணி நேரம் முழங்கால் சேற்றில் நின்று தள்ளினோம். ஈரக் கை பட்டால் செல்போன் திரை சொன்னபடி கேட்பதில்லை, அதனால் பட்டன் வைத்த கருவிதான் வேண்டும்.

கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் கைக்கு அடக்கம், ஆனால் தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும். ஜிபிஎஸ்மேப் 79எஸ் மிதக்கும், திரையும் 3 அங்குலம், விலைதான் இடிக்கிறது. வரைபடம் ஏரியின் ஆழத்தைச் சரியாகக் காட்டுமா, இல்லை முகத்துவாரம், வலை போட்ட இடம் எல்லாம் நாமே குறித்துக்கொள்ள வேண்டுமா? உப்புத் தண்ணீரில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கண் மங்கல், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.