ராஜ்தூத் 350: சூடானதும் வலது சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கிறது

ரெட்டைக்குழல்:
1986 மாடல் ராஜ்தூத் 350, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பைக். இன்னும் பாயிண்ட் செட்தான் (திறந்து மூடி ஸ்பார்க் தரும் பழைய சுவிட்ச்), எலக்ட்ரானிக் சி.டி.ஐ. போடவில்லை. காலையில் இரண்டு கிக்கில் ஸ்டார்ட் ஆகி இரண்டு சைலன்சரும் சமமாக ஊதும். கால் மணி நேரம் ஓடிச் சூடு ஏறினதும் 3000 ஆர்.பி.எம். பக்கத்தில் வலது பக்கம் விட்டுவிட்டு அடிக்கிறது. முறுக்கினால் இழுக்காமல் திணறுகிறது. இடது பிளக் காப்பிப்பொடி நிறம், வலது பிளக் ஈரக் கறுப்பு. இரண்டும் பி8எச்எஸ், புதுசு. மெக்கானிக் இரண்டு கார்புரேட்டரையும் கழுவிப் பார்த்துவிட்டார், அடுத்து போர் போடணும் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) என்கிறார். அதற்கு முன் என்னென்ன பார்க்கணும்?

பாயிண்ட்_பிளேட்:
காலையில் இரண்டு கிக்கில் எழுந்திருக்கிற இன்ஜினுக்குப் போர் கடைசிச் சந்தேகம். வேண்டுமானால் இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போர் பேச்சை விட்டுவிடலாம்.

இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட், தனிக் காயில் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏற்றுவது), தனி கார்புரேட்டர். நன்றாக ஓடும் இடது பக்கம்தான் உங்கள் அளவுகோல். சந்தேகப்படும் பொருளை இடம் மாற்றி, கோளாறு கூடவே போகிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். ஒரு பக்கம் மட்டும் மிஸ் ஆவதால் பேட்டரியும் இக்னிஷன் சுவிட்சும் தப்பித்தன.

முதலில் காயில். கழற்றவே வேண்டாம். டேங்கைத் தூக்கி, பாயிண்டிலிருந்து காயிலுக்கு வரும் இரண்டு வயரையும் மாற்றிச் செருகுங்கள். கூடவே பிளக் கேப்பையும் வலது இடதாக மாற்றுங்கள். ரெண்டையும் சேர்த்து மாற்றணும். கேப்பை மட்டும் மாற்றினால் பிஸ்டன் கீழே இருக்கும்போது ஸ்பார்க் விழும், ஏனென்றால் இதில் இரண்டு பிஸ்டனும் 180 டிகிரி எதிரெதிர். கேப் வயர் எட்டாவிட்டால்தான் காயிலைக் கழற்றும் வேலை. இரண்டு பக்கமும் புதுப் பிளக் போட்டு, டேங்கை வைத்து, சூடாகும்வரை ஓட்டுங்கள். மிஸ் இடது பக்கம் வந்தால் காயில், வயர், கேப் மூன்றில் ஒன்று. கேப்பை மல்டிமீட்டரில் பாருங்கள். 5 கிலோ ஓம் கேப் 15, 20 காட்டினால் தூக்கிப் போடுங்கள்.

வலது பக்கமே நின்றால் கண்டன்சர் (பாயிண்ட் திறக்கும்போது பொறி தெறிக்காமல் அடக்கும் சின்ன டப்பா). பழைய கண்டன்சர் குளிரில் ஒழுங்காக இருந்து சூட்டில் விடும், நீங்கள் சொல்வது அச்சு அசல் அந்தக் குணம். இடது பக்கக் கவரைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது பாயிண்ட்டைப் பாருங்கள். வலது பாயிண்ட்டில் மட்டும் பளிச்சென்று நீலப்பொறி தெறித்தால் கண்டன்சர் போச்சு. புதுக் கண்டன்சரைப் பொருத்துமுன்பே சோதிக்கலாம்: பழையதன் வயரை விடுவித்து, புதியதன் வயரைப் பாயிண்ட் வயரோடும் உடம்பை இன்ஜின் எர்த்தோடும் கிளிப் போட்டு மாட்டி ஓட்டுங்கள்.

மிக்குனி28:
அண்ணன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 3000 பக்கம் விட்டுவிட்டு அடிப்பதெல்லாம் ஸ்பார்க் கோளாறாக இருக்கணும்னு இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் அதிகமானால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிந்து ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி சத்தம் வரும். காது அதை மிஸ்ஸிங் என்றுதான் சொல்லும்.

கண்டுபிடிக்க லேசான வழி இருக்கு. சூடான வண்டியை 3000-இல் பிடித்துக்கொண்டு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்பின் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் அளவு இறங்க இறங்கக் கலவை மெலியும். அணையும் முன் சில நொடி வலது பக்கம் தெளிவாக அடித்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), தெளியாமலே அணைந்தால் ஸ்பார்க் பக்கம் போங்க.

ரிச் என்றால் கார்பைக் கழுவி மட்டும் பலன் இல்லை. நீடில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் குழல்) ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் கழுவினால் சரியாகுமா? இடது பக்க நீடிலையும் நீடில் ஜெட்டையும் வலதில் போட்டுப் பாருங்கள். ஃப்ளோட் நீடில் வால்வு, சோக் பிளஞ்சரின் அடி ரப்பர் இரண்டும் பார்க்கணும். 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஊதிப்போய் உட்காராமல் நிற்கும். ஏர் ஸ்க்ரூவை மட்டும் திருகித் தப்பிக்கப் பார்க்காதீங்க, அது ஐட்லிங் பக்கம்தான் வேலை செய்யும்.

ரெட்டைக்குழல்:
நன்றி அண்ணன்களே. எல்லாம் பார்த்தாச்சு. கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் சமம். காயிலும் கேப்பும் மாற்றியும் மிஸ் வலது பக்கமே. டேப் மூடியபோது தெளியவில்லை. வெளியே கண்டன்சர் மாட்டியதும் பாயிண்ட் பொறி அடங்கியது, சூட்டிலும் 3000 தாண்டி சுத்தமாக இழுக்கிறது! ஆனால் 30 கி.மீ. ஓட்டிக் கழற்றிப் பார்த்தால் வலது பிளக் இன்னும் ஈரம். வலது சைலன்சரில் வெள்ளைப் புகையும் கூடுதல்.

சேலம்_லேத்:
ரெண்டு கோளாறு ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கு. அந்த ஈரம் என்ன ஈரம்னு பாருங்க. பெட்ரோல்னா பிளக்கைக் கழற்றி வெச்ச கொஞ்ச நேரத்துல உலர்ந்து கறுப்பு மட்டும் நிக்கும். கியர் ஆயில்னா வழுவழுன்னு அப்படியே இருக்கும், கருகின நாத்தம் வரும். கியர்பாக்ஸ் ஆயில் அளவையும் பாருங்க. வெளியே சொட்டு ஒழுகாம குறைஞ்சிருந்தா வலது கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டு முனையில கியர் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்) போச்சு. கிளட்ச் இருக்கிறது அந்தப் பக்கம்தானே, பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க்கேஸ் வெற்றிடமாகி சீல் வழியா ஆயிலை உறிஞ்சுது. இடது சீல் போனா ஆயில் வராது, காத்து இழுக்கும். கலவை மெலிஞ்சு ஐட்லிங் தன்னால ஏறும்.

உறுதி பண்ண பிரஷர் டெஸ்ட். எக்ஸாஸ்ட் வாயையும் கார்ப் வாயையும் ரப்பர் வெச்சு அடைச்சு, பிளக் துளை வழியா 6 பி.எஸ்.ஐ. ஏத்துங்க. நிமிஷத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல இறங்கினா லீக். கம்ப்ரசர் காத்தை நேரா விட்டுடாதீங்க, நல்ல சீலும் பிதுங்கிடும். சைக்கிள் பம்ப் போதும். கிளட்ச் கவரும் பிரைமரி கியரும் கழண்ட பிறகுதான் சீல் கண்ணுல படும். அவ்வளவு தூரம் போயாச்சுன்னா இடது சீலையும் சேர்த்து மாத்திடுங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு.

பாயிண்ட்_பிளேட்:
ஒரு வேலை பாக்கி. கெட்ட கண்டன்சரோடு ஓடியதில் வலது பாயிண்ட் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் வந்திருக்கும். லேசாக இருந்தால் பாயிண்ட் அரம் போதும், ஆழமாக இருந்தால் புதுசு. உப்புத்தாள் வேண்டாம், துகள் ஒட்டிக்கொண்டு மறுபடி கரண்டைத் தடுக்கும். முதலில் பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள். பிறகுதான் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), ஏனென்றால் இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகரும். பிளக் துளையில் டயல் கேஜ் போட்டு, டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் இடம்) 2.0 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கணும். பாயிண்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 12 வோல்ட் பல்பு மாட்டினால் திறக்கும் கணத்தில் எரியும். இடது, வலது தனித்தனியாகப் பார்க்கணும். நடுவில் டீ குடிக்கப் போனால் இக்னிஷனை ஆஃப் பண்ணிவிட்டுப் போங்கள், பாயிண்ட் மூடி நின்றால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.